சுழலும் தட்டில் ஒரு நாடக மேடை

நாடகம் என்பது பார்ப்பதற்கு உரியதா, கேட்பதற்கு உரியதா? சென்ற மாதம் வரையில் யாராவது என்னிடம் இந்தக் கேள்வியைப் போட்டிருந்தால், "இதென்ன சந்தேகம்? கச்சேரி கேட்பதற்கு, நாடகம் பார்ப்பதற்கு" என்று பளிச்சென்று சொல்லியிருப்பேன். அதிலும் ஹாஸ்ய நாடகம் என்றால் சொல்லவே வேண்டியதில்லை. பபூனுடைய தொப்பியையும், அவனுடைய தள்ளாட்ட நடையையும், பிதுங்கும் விழிகளையும் பாராமல் சிரிப்பு எங்கிருந்து வரும்?

இந்த அபிப்பிராயத்தை நான் மாற்றிக் கொள்ளும்படி நேர்ந்தது. அந்தக் காரியத்தைச் செய்து முடித்தவை ஓர் எஃகு ஊசியும் சில அரக்குத் தட்டுக்களுந்தான்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலையைப் பார்த்தாற்போல் அமைந்த ஒரு கிராமத்தில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். மரவள்ளிக் காடும், ஒரு கிணறும், பழைய ஓட்டு வீடும் அவருடைய சொத்து. வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது, காலஞ்சென்ற தகப்பனாருடைய கிராமபோன் பெட்டியும் அதனுடன் ஒரு மூட்டைத் தட்டுக்களும் அகப்பட்டனவாம். "பெட்டியைச் சேலத்தில் கொடுத்துப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன். பாடுகிறது. வந்து கேட்டுவிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பினார். வேறு ஜோலிகளை ஒத்திப் போட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தது சாயங்காலம். மலையின் மேல் மேகம் இறங்கிக் கொண்டிருந்தது. கூடத்தில் ஒரு சிறிய சபையே கூடியிருந்தது. நண்பர், எண்பத்தாறு வயதான அவருடைய தாயார், கலாசாலையில் படிக்கும் பேரன், இவர்களோடு, பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவருக்கும் எண்பதைத் தாண்டியிருக்கும். கூடத்தில் காலி நாற்காலிகள் இருந்தும், அவர் வாசற்படியை அடுத்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். காற்றுக்காக அங்கே அமர்ந்திருக்கிறார் என்று நினைத்துக் கொண்டேன்.

"இந்தப் பாட்டெல்லாம் போனிலேயே இருக்குமுங்க, அப்பாரு. இதற்குப் போய்ப் பெட்டியை இவ்வளவு தூரம் தூக்கிப் போனீங்களே!" என்றான் பேரன்.

"இருக்கும், சாமி. ஆனால் போனுக்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லையே? கை வலித்தால்தான் காது நன்றாய்க் கேட்கும்" என்று சொல்லி, நண்பர் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினார்.

* * *

முதலில் வைத்தது 'வள்ளி திருமணம்' நாடக செட்.

'செட்' என்றால் இன்றைய வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டியிருக்கும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகப் பாடலாம். அதற்குமேல் இடங் கிடையாது. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியற்காலையில் மங்களம் பாடும் நாடகத்தை அதற்குள் எப்படி அடைப்பது? ஆகவே, நாலைந்து தட்டுக்களைச் சேர்த்து ஒரு செட்டாக்கி, கதையை அவற்றில் பங்கிட்டார்கள். ஐந்து தட்டு என்றால் பத்துப் பக்கம். அரை மணிக்குச் சற்று மேல். எட்டு மணி நேர நாடகத்தை அரை மணிக்குள் சொல்ல வேண்டுமானால், எதை விடுவது, எதை வைத்துக் கொள்வது என்பதில் எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும்! சபையோர் எந்தப் பாட்டுக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்பார்கள், எந்தத் தர்க்கத்துக்குக் கை தட்டுவார்கள், எந்த இடத்தில் தூங்குவார்கள் என்பதெல்லாம் நடிகர்களுக்கு மனப்பாடம். தூங்கும் இடங்கள் தட்டில் ஏறவில்லை.

1930-களில் இத்தகைய செட்டுகள் தமிழ்நாட்டில் ஏராளமாக விற்றன. வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, ஹரிச்சந்திரா என்று சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் வந்த கதைகளெல்லாம் தட்டுக்களாகிச் சுழன்றன. பிற்காலத்தில் படமுதலாளியாகப் பெயர் பெற்ற ஏ. வி. மெய்யப்பன் அவர்களும் முதலில் சென்னையில் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' என்ற இசைத்தட்டு வியாபாரத்தில் இறங்கியவர்தான்.

இந்த விஷயத்தில் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். இங்கிலாந்தில் கில்பர்ட் - ஸல்லிவன் இருவரின் ஹாஸ்ய சங்கீத நாடகங்கள் நமக்கு முன்பே தட்டில் ஏறிவிட்டன என்பது மெய்தான். ஆனால் அமெரிக்காவில், மேடையில் நடித்தவர்களே பாடிய நாடகம் தட்டுத் தொகுதியாக வந்து அமோகமாக விற்றதென்று கொண்டாடுகிறார்களே, அந்த 'ஓக்லஹோமா!' வெளிவந்தது 1943-ஆம் ஆண்டில். ஆறு தட்டுக்கள் கொண்ட தொகுதி அது. அதற்கு முன்பே நம்முடைய கடைத்தெருக்களில் வள்ளியும் வேலனும் தட்டுக்களில் தர்க்கம் செய்து கொண்டிருந்தார்கள்!

* * *

ஊசி தட்டைத் தொட்டதும் 'கரகர'வென்று ஒரு சத்தம். மழை பெய்யும் சத்தத்தைப் போல் இருந்தது. அந்த மழைக்குள்ளிருந்து ஆர்மோனியமும், பின்னர் ஒரு பெண் குரலும் கிளம்பின. வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிறாள். கூடத்தில் இருந்த நாங்கள் அனைவரும் எங்களை அறியாமலே மேலே பார்த்தோம். பறவை ஒன்றும் இல்லை. வெள்ளையடித்த விட்டந்தான் இருந்தது.

கிழவன் வந்தான். இங்கேதான் என்னுடைய அபிப்பிராயம் ஆட்டங் காண ஆரம்பித்தது. மேடையில் என்றால் நரைத்த தாடியையும் கூனல் முதுகையும் பார்த்து, "ஆகா, கிழவன்!" என்று தெரிந்து கொள்வோம். தட்டில் தாடி ஏது? எல்லாவற்றையும் குரலே செய்தாக வேண்டும். பேசும்போது இருமலும் இழுப்புமாய்த் தள்ளாடும் அந்தக் குரல், பாட ஆரம்பித்ததும் சுருதியை விட்டு இம்மியும் விலகவில்லை. கிழவன் வேஷத்துக்குள்ளே ஒளிந்திருப்பவன் குமரன் என்பதைப் பாட்டு காட்டிக் கொடுத்து விடுகிறது. வள்ளிக்கு மட்டும் தெரியவில்லை, கேட்பவர்களுக்கெல்லாம் தெரிகிறது. ஹாஸ்யத்தின் ரகசியமே அதுதானே? தேனும் தினைமாவும் தின்றுவிட்டுக் கிழவனுக்கு விக்கல் எடுத்தபோது, அந்த விக்கல் தாளம் தப்பாமல் விழுந்தது! பேரன் போனை மடியில் கவிழ்த்துவிட்டுச் சிரித்தான்.

இந்த வேலனாகவும் வள்ளியாகவும் மேடையேறித் தமிழ்நாட்டை மயக்கியவர்கள் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும். அம்மையார் இந்தச் சீமைக்கு அயலார் அல்லர். காவிரியின் அக்கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தவர். கிட்டப்பா 1933-ஆம் ஆண்டு டிசம்பரில், இருபத்தேழாவது வயதிலே காலமாகி விட்டார். அவருடைய மேடை போயிற்று. ஜரிகைத் தலைப்பாகையும் திரைச் சீலைகளும் போயின. எஞ்சியிருப்பது தட்டில் விழுந்த குரல் ஒன்றே. அது மட்டும் இன்னமும் இருபத்தேழு வயதைத் தாண்டவில்லை.

நாங்கள் கேட்டது அவர்களுடைய செட் அல்ல. சாமானியமான ஒரு கோஷ்டியினுடையது. அதிலும் நாலாவது தட்டு இரண்டாய் உடைந்திருந்தது. அரக்குத் தட்டு கண்ணாடியைப் போல் நொறுங்கும் ஜாதி அல்லவா? யானை வந்து வள்ளியைப் பயமுறுத்தும் கட்டம் அதில்தான் இருந்ததாம். "அடடா!" என்று எல்லாரும் கையைப் பிசைந்தோம்.

அப்போது நண்பரின் தாயார், "அது போனால் என்ன? எனக்குத் தெரியுமே!" என்றார். சொல்லிவிட்டு, வள்ளியின் அலறலையும், கிழவனின் பரிகாசத்தையும், இரண்டு பேருக்கும் நடுவில் யானையின் பிளிறலையும், மூச்சு விடாமல் மூன்று நிமிஷம் பாடிக் காட்டினார்! கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நாள் தவறாமல் கேட்டதாம். தட்டு உடைந்தும் பாட்டு உடையவில்லை. பேரன் எழுந்து போய்ப் பாட்டியின் காலைத் தொட்டு, "இத்தனை நாளாக இந்த யானையை எங்கே ஒளித்து வைத்திருந்தீங்க, ஆத்தா?" என்று கேட்டான்.

* * *

பிறகு நண்பர் மூட்டையின் அடியிலிருந்து வேறு தட்டை எடுத்தார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்'.

இதுவரையில் வாய் திறவாமல் இருந்த தலைமையாசிரியர், நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கிந்தனாரைப் பற்றி அறியாதவர்களுக்காக இரண்டொரு வார்த்தை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரம் தமிழ்நாட்டுக் கதாகாலட்சேப மேடைகளில் கொடி கட்டிப் பறந்தது. சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கும் நந்தன், உத்தரவு கொடுக்க மறுக்கும் வேதியர் - இந்த இருவருடைய சம்வாதத்தைக் கேட்டு உருகாதவர் இல்லை. அந்த வேதியர் பெரிய புராணத்தில் கிடையாது. பாரதியார் படைத்த பாத்திரம். 1935-ல் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேஷம் பூண்டு நந்தனாராகவே படத்தில் நடித்தார். 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்தார். ஆக, நந்தனார் கதையின் ஒவ்வொரு திருப்பமும் தமிழ் மக்களுக்குப் பாடம்.

அந்தப் பழக்கத்தையே மூலதனமாக வைத்துக் கலைவாணர் வியாபாரம் தொடங்கினார். பாகவதர், ஜால்ரா, பின்பாட்டு, பக்தி சொட்டும் பீடிகை, இடையிடையே உபகதை - எல்லாம் அசல் காலட்சேபம். கதாநாயகன் மட்டும் வேறு. நந்தனுக்குப் பதில் கிந்தன். சிதம்பரத்துக்குப் பதில் பள்ளிக்கூடம். சேரியிலே பிறந்த பிள்ளைக்குப் படிக்க வேண்டுமென்ற தாபம் உண்டாகிறது. ஊரார் தடுக்கிறார்கள். ரயிலேறிப் பட்டணம் போகிறான். படித்துத் தேறி, பெரிய உத்தியோகத்துடன் ஊருக்குத் திரும்புகிறான். இதை எழுதியவர் உடுமலை நாராயண கவி. 1949-ல் கிருஷ்ணன் - பஞ்சு டைரக்ட் செய்து, அண்ணாதுரை திரைக்கதை எழுதிய 'நல்லதம்பி' படத்திலும் இந்தக் காலட்சேபம் இடம் பெற்றது.

கலைவாணர் நாகர்கோயிலில் பிறந்து, வில்லுப்பாட்டில் பழகி, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையில் தேர்ந்தவர். தட்டைக் கேட்கும்போது அந்தப் பயிற்சியின் அருமை தெரிகிறது. ஹாஸ்ய சங்கீதம் என்றால் தாறுமாறாய்ப் பாடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. உயர்ந்த ராகத்தை ஒழுங்காகப் பாடி, அதில் சர்வ சாதாரணமான வார்த்தையைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அப்போதுதான் சிரிப்பு வரும். ராகமும் பிசகினால் இரண்டும் ஒன்றாகிவிடும். சிரிப்பதற்கு ஒன்றும் இராது. கிந்தன் ரயிலைக் காணும் இடத்தில் கலைவாணர் வாயாலேயே ரயிலை ஓட்டுகிறார். சக்கரத்தின் சத்தம் மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்து, தாளத்தோடு தாளமாய் ஓடுகிறது. எங்களுடைய கிராமபோன் பெட்டியே தடதடவென்று புறப்பட்டுப் போய்விடும் போலிருந்தது.

கூடம் முழுவதும் கொல்லென்று சிரித்தது. தற்செயலாக நான் வாசற்படிப் பக்கம் திரும்பினேன். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை.

* * *

தட்டு முடிந்தது. நண்பர் ஊசியை எடுத்தார்.

"ஐயா மட்டும் சிரிக்கவில்லையே?" என்றேன்.

"இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அன்றைக்கும் வந்ததில்லை" என்றார் அவர்.

பிறகு நிதானமாய்ச் சொன்னார். அவருடைய தகப்பனார் இந்த வீட்டுக் காட்டில்தான் வேலை செய்தாராம். சாயங்காலம் நண்பரின் தகப்பனார் கூடத்தில் கிராமபோன் வைப்பார். உற்றார் உறவினர் கூடத்தில் இருப்பார்கள். ஊரில் வேண்டியவர்கள் திண்ணையில் இருப்பார்கள். சேரிப் பிள்ளைகள் தெருவுக்கு எதிர்ப்புறம், புளிய மரத்தடியில் நிற்பார்கள். ஒரே தட்டுத்தான், ஒரே பாட்டுத்தான். ஆனால் கேட்கும் இடம் மூன்று.

"கிந்தன் ரயிலேறும்போது உள்ளே எல்லாரும் சிரிப்பார்கள். திண்ணையிலும் சிரிப்பார்கள். எனக்கு எட்டு வயது. இவன் டிக்கெட்டுக்குக் காசு எங்கே வாங்கினான் என்று நான் யோசித்துக் கொண்டிருப்பேன். பாட்டில் அது வருமா, வருமா என்று காத்திருப்பேன். வரவே வராது. தட்டைத் திருப்பிப் போட்டால் அவன் படித்து முடித்திருப்பான்!"

யாரும் பேசவில்லை. அவரே மேலும் சொன்னார்: "எனக்கு அந்தக் காசு கிடைக்கப் பதினொரு வருஷம் ஆயிற்று. ஆடு மேய்த்தேன், ராத்திரியில் கிழங்கு மில்லில் மூட்டை தூக்கினேன். எப்படியோ வாத்தியாராகி, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே தலைமையாசிரியராக வந்தேன். ஆனால் போக வேண்டும் என்ற எண்ணத்தை எனக்குக் கொடுத்தது இந்தத் தட்டுத்தான். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். நந்தனார் பாட்டையும் இதே மரத்தடியில் நின்று கேட்டிருக்கிறேன். அவர் 'நாளை, நாளை' என்று காத்திருந்தார். இவன் காத்திருக்கவில்லை."

நண்பர் தலையைக் குனிந்து கொண்டார். அவருடைய தாயார் மட்டும், "உள்ளே வா என்று ஒரு தரமாவது கூப்பிட்டிருக்கலாம். அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை" என்றார். அந்த வார்த்தையில் சமாதானம் சொல்லும் தோரணை இல்லை. அதனால் கேட்பதற்கு நன்றாயிருந்தது.

* * *

இந்தச் சீமையில் அந்த எண்ணம் யாருக்குமே தோன்றவில்லை என்று சொல்வதற்கில்லை. இங்கிருந்து அதிக தூரமில்லாத திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-லேயே காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்தார். தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு, கதர் ஆகியவை அங்கே நித்திய காரியங்கள். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன் முதலில் அமுலானதும் சேலம் ஜில்லாவில்தான் - 1937, அக்டோபர் 1-ந் தேதி. 'நல்லதம்பி'யிலும் மதுவிலக்கு முக்கியமான ஒரு விஷயம் என்பதை நினைத்தால், கலைவாணரின் ஹாஸ்யம் எந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தது என்பது விளங்கும். 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. நந்தனுக்கு அடைத்திருந்த கதவைச் சட்டம் திறந்துவிட்டது. அதற்கடுத்த கதவு எது என்று 1949-ல் சிரித்துக் கொண்டே சுட்டிக் காட்டினான் கிந்தன். அதைச் சொன்ன கலைவாணரோ, வழக்கு ஒன்றில் சிக்கி, சிறைவாசம் அனுபவித்து 1947-ல்தான் வெளியே வந்திருந்தார். சொந்தக் கஷ்டத்தைச் சொல்லி அழுவதற்குப் பதிலாக, பிறர் கஷ்டத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

ஆனால் ஆசிரமமும் சட்டமும் இருந்த இதே காலத்தில்தான், இதே ஜில்லாவில், ஒரு புளிய மரத்தடியும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை பூர்த்தியாகும்.

இப்போது என் முதல் கேள்விக்கு வருகிறேன். நாடகம் பார்ப்பதற்கா, கேட்பதற்கா? மேடை நாடகத்துக்குக் கொட்டகை உண்டு. கொட்டகைக்கு வாசல் உண்டு. வாசலில் ஆள் நிற்பான். தட்டிலிருந்து கிளம்பும் நாடகத்தையோ கூடத்தோடு நிறுத்தி வைக்க முடியாது. அது திண்ணையைத் தாண்டும், தெருவைத் தாண்டும், கூப்பிடாதவன் காதிலும் போய் விழும். நடிகர்களுடைய முகம் தெரியாதது குறைதான். ஆனால் கேட்பவனுடைய முகம் நாடகத்துக்குத் தெரியாது என்பது அந்தக் குறையைவிடப் பெரிய நிறை அல்லவா?

புறப்படுவதற்கு முன், "இன்னொரு தரம் கிந்தனாரைப் போடலாமே" என்றேன். நண்பர் தட்டைக் கையில் எடுத்தவர், என்ன நினைத்துக் கொண்டாரோ, அதை வாசற்படிப் பக்கம் நீட்டினார். "நீங்களே வையுங்க, சார்" என்றார்.

தலைமையாசிரியர் எழுந்து கூடத்தின் நடுவுக்கு வந்தார். தட்டை வேஷ்டித் தலைப்பினால் துடைத்தார். ஊசியை எப்படிப் பொருத்துவது என்று பேரனிடம் கேட்டுக் கொண்டார். எத்தனையோ நாள் காதால் கேட்ட அந்தத் தட்டை, அன்றுதான் முதன் முதலாகக் கையால் தொடுகிறார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கை கொஞ்சம் நடுங்கியது. ஊசி இரண்டு வரி தள்ளிப் போய் விழுந்தது.

ரயில் புறப்பட்டது. இந்தத் தடவை முதலில் சிரித்தவர் அவர்தான்.